காரை விழும் வீடும் நின்றுபோன வாடகையும்

மண்டபத்திலிருந்து ஒரு அம்மா ஆறு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். கூடவே மூன்று புகைப்படங்கள். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 61. கணவர் வளைகுடா நாட்டில் உழைத்து அனுப்பிய பணத்தில் 1998-இல் கட்டிய வீடு, ஒரே வரிசையில் மூன்று போர்ஷன். முன் போர்ஷனில் இவர் இருக்கிறார். நடு போர்ஷனில் 2016 முதல் ஒரு மீனவக் குடும்பம்: விசைப்படகில் கூலிக்குக் கடலுக்குப் போகும் கணவர், அவர் மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், வயதான மாமியார். பின் போர்ஷன் தை மாதத்திலிருந்து காலி. இவருடைய கணவர் இறந்து நான்கு வருடம் ஆகிறது. மகன் கோயம்புத்தூரில், மகள் சென்னையில். இரண்டு வாடகையும் சேர்ந்துதான் இவருடைய மாதச் செலவு. இப்போது இரண்டும் வருவதில்லை.

நடு போர்ஷனுக்கு அட்வான்ஸ் 30,000 ரூபாய், வாடகை 4,500. எழுத்தில் எதுவும் கிடையாது, ரசீதும் கொடுத்ததில்லை. இவர் ஒரு டைரியில் குறித்து வைத்திருக்கிறார். மே முதல் ஆகஸ்ட் வரை நான்கு மாத வாடகை பாக்கி. முதலில் "மீன்பிடித் தடைக்காலம், படகு கடலுக்குப் போனதும் தர்றோம்" என்றார்கள். ஜூலை முதல் வாரத்தில் படுக்கை அறைக் கூரையிலிருந்து ஒரு முறம் அகலத்துக்குக் காரை பெயர்ந்து விழுந்தது. சின்னப் பிள்ளை படுக்கும் இடம் அது. பகல் நேரம், அவன் பள்ளிக்கூடத்தில் இருந்தான். அதற்கப்புறம் "வீட்டைச் சரிபண்ணுங்க, வாடகை தர்றோம்" என்கிறார்கள். இவர், "முதல்ல வாடகை, அப்புறம் கொத்தனார்" என்கிறார். இரண்டு மாதமாக இப்படியே நிற்கிறது.

அவர் கேட்பவை: கொழுந்தனார் சொல்வதுபோல் ஈபி ஃபியூஸைப் பிடுங்கிவிட்டால் தப்பா? ஒன்பது வருடம் ஆகிவிட்டது, 12 வருடம் ஆனால் வீடு அவர்களுக்குச் சொந்தமாகிவிடும் என்கிறார்களே? அவர்கள் ஆணி அடித்ததாலும் வீட்டுக்குள் ஈரத்துணி காயப்போட்டதாலும்தானே காரை விழுந்தது, அந்தச் செலவை அவர்களிடம் கேட்கக் கூடாதா? அட்வான்ஸில் பாக்கியையும் வெள்ளையடிக்கும் செலவையும் கழித்துக்கொண்டு அனுப்பிவிடலாமா? இனிமேல் 11 மாதப் பத்திரம் எழுதி வாங்கினால் போதுமா?

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்கள் கேட்ட வரிசையில் நான் பதில் சொல்லப் போவதில்லை. நீங்கள் அனுப்பிய இரண்டாவது புகைப்படம் அதற்கு விடவில்லை. கூரையில் காரை போன இடத்தில் நான்கு கம்பிகள் தெரிகின்றன. துரு ஏறிப் பருத்து, கருவாட்டுச் செதில் மாதிரி அடுக்கடுக்காகத் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. அதைத்தான் நீங்கள் படம் எடுத்திருக்கிறீர்கள். படத்தின் ஓரத்தைப் பாருங்கள். அந்தப் பள்ளத்திலிருந்து பழுப்பு நிறத்தில் ஒரு விரிசல் கிளம்பி நேராக மின்விசிறிக் கொக்கி வரைக்கும் போகிறது. விழுந்தது போகட்டும், இன்னும் விழாமல் நிற்கிறதே, அந்தப் பகுதிதான் எனக்குப் பயமாக இருக்கிறது. இந்தக் கடிதத்தைப் படித்த அன்றைக்கே அந்த அறையில் யாரும் படுக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஃபேனை இறக்கிவிடச் சொல்லுங்கள். வாடகைத் தகராறு ஒரு மாதம் தள்ளிப் போகலாம். அந்தக் கூரை ஒரு வாரம்கூடத் தாங்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

வழக்கறிஞராக இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கூரை பழுதாகியிருப்பது உங்களுக்குத் தெரியும். நீங்களே படமும் எடுத்திருக்கிறீர்கள். தெரிந்த பிறகும் சும்மா இருந்து, அங்கே ஓர் உயிர் போனால், கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றம் என்று உங்கள் மேல் வழக்கு வரலாம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில் அதற்கு 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. "வாடகை பாக்கி வைத்திருந்தார்கள், அதனால் சரிசெய்யவில்லை" என்பது அங்கே பதிலாக எடுபடாது. உங்களைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஒன்பது வருடம் ஒரே வாசலில் புழங்கிய பிள்ளைகள். அவர்களுக்கு ஒன்று என்றால் முதலில் உடைந்துபோவது நீங்கள்தான் என்பது உங்கள் கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது.

காரை விழுவது யாருடைய பொறுப்பு

ஆணி அடித்ததாலும் துணி காயப்போட்டதாலும் கூரைக் காரை இப்படிப் பெயராது. ஆணி சுவரில் அடிக்கிறார்கள், கூரையில் இல்லை. உங்கள் வீட்டுக்கு வடக்கேயும் கடல், தெற்கேயும் கடல். வாடைக் காற்றிலும் உப்பு, கச்சான் காற்றிலும் உப்பு. அந்த உப்பு கான்கிரீட்டுக்குள் மெல்ல இறங்கிக் கம்பியைத் தொடுகிறது. கம்பி துருப்பிடித்தால் இரும்பாக இருந்ததைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். உள்ளே இடம் இல்லாததால் கீழே இருக்கும் காரையை நெம்பித் தள்ளிவிடும். கடலோரத்தில் கட்டும்போது கம்பிக்குக் கீழே 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்று இந்தியத் தரக் கையேடு சொல்கிறது. நம் பக்கம் அந்தக் காலத்தில் கட்டிய பல வீடுகளில் அரை அங்குலம்கூட இருக்காது. கட்டும்போது கிணற்றின் உப்புத் தண்ணீரையே கலவைக்கு ஊற்றியிருந்தால் கேட்கவே வேண்டாம், நோய் பிறக்கும்போதே உள்ளே போய்விட்டது. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்துக்கு ஆண்டுக்கணக்கில் ஆள் வைத்துப் பெயிண்ட் அடித்துப் பார்த்துக்கொண்டார்கள். அதற்கே பதிலாகப் புதுப் பாலம் கட்ட வேண்டியதாயிற்று, 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயிலையும் நிறுத்திவிட்டார்கள். உங்கள் வீட்டுக் கூரைக்கு 27 வருடமாக யாரும் எதுவும் செய்யவில்லை.

சட்டமும் இதையேதான் பேசுகிறது. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தத் தமிழ்நாடு 2017-இல் ஒரு சட்டம் இயற்றியது. 22-2-2019 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. உங்கள் பேரூராட்சிக்கும் பொருந்தும். யார் எதைப் பழுது பார்க்க வேண்டும் என்று அதன் இரண்டாவது அட்டவணை பிரித்துச் சொல்கிறது. கட்டமைப்புப் பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், குழாய் மாற்றுவது, மின்சார ஒயரிங் எல்லாம் உரிமையாளர் கணக்கு. குழாய் வாஷர், சுவிட்ச், பிளக், தாழ்ப்பாள், ஜன்னல் கண்ணாடி, கழிப்பறை, வாஷ்பேசின் ரிப்பேர், சாக்கடை அடைப்பு எடுப்பது குடியிருப்பவர் கணக்கு. குடியிருப்பவரே உடைத்தால் அது வேறு. உப்புக் காற்று அரித்ததற்கு அவர்களிடம் பணம் கேட்க முடியாது அம்மா.

அதற்காக அவர்கள் வாடகையை அடியோடு நிறுத்தியதும் சரியில்லை. உரிமையாளர் பழுது பார்க்க மறுத்தால், குடியிருப்பவரே வேலையை முடித்துவிட்டு அந்தச் செலவை வாடகையில் கழித்துக்கொள்ள இடம் உண்டு. அப்படிக் கழிப்பதிலும் ஒரு மாத வாடகையில் பாதிக்கு மேல் கழிக்கக் கூடாது. கையில் ஒரு வேலையும் செய்யாமல் முழு வாடகையையும் நிறுத்துவதற்குச் சட்டம் இடம் தரவில்லை. ஆக, தப்பு இரண்டு பக்கமும் இருக்கிறது. சமாதானம் பேச இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்பது என் அனுபவம்.

ஃபியூஸில் கை வைக்காதீர்கள்

கொழுந்தனார் உங்கள் மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் அந்த யோசனை உங்களை ஜெயிக்க வேண்டிய வழக்கில் தோற்க வைத்துவிடும். தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை உரிமையாளர் நேரடியாகவோ மறைமுகமாகவோ நிறுத்தக் கூடாது என்று அதே சட்டத்தின் 20-ஆம் பிரிவு சொல்கிறது. அவர்கள் ஒரு மனு கொடுத்தால் போதும், இந்தச் சட்டப்படி நியமிக்கப்பட்ட வாடகை அதிகாரி உடனே திரும்ப இணைக்கச் சொல்லி உத்தரவிடலாம். வெளிக்கதவைப் பூட்டுவது, கதவைக் கழற்றுவது, சாமான்களைத் தெருவில் வைப்பது எல்லாம் இன்னும் மோசம். அது போலீஸ் வழக்காகவே மாறும்.

சில வருடங்களுக்கு முன் இந்தக் கடற்கரையில் வேறோர் ஊரில் ஒரு பெரியவருக்கு நான் ஆஜரானேன். அவருக்கு எட்டு மாத வாடகை பாக்கி, நியாயம் முழுக்க அவர் பக்கம். என்னைப் பார்க்க வருவதற்கு முந்தின வாரம் கோபத்தில் மோட்டார் ஒயரை வெட்டிவிட்டார். அந்த வீட்டில் ஒரு பெண் பிரசவமாகி வந்திருந்தாள். அன்றிலிருந்து எட்டு மாத பாக்கியைப் பற்றி யாருமே பேசவில்லை. எந்த விசாரணையிலும் தண்ணீரைப் பற்றித்தான் பேச்சு. கடைசியில் பாக்கியை விட்டுக்கொடுத்து, அட்வான்ஸையும் முழுசாகத் திருப்பிக் கொடுத்துத்தான் வீட்டை மீட்டார். வக்கீலைப் பார்ப்பதற்கு ஒரு நாள் முன்னால் செய்த காரியம்தான் நிறைய பேரைக் கெடுத்திருக்கிறது.

போலீஸில் சொல்லிக் காலி செய்ய வைக்கலாம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். வீட்டைக் காலி செய்ய வைப்பது போலீஸ் வேலை இல்லை. அதற்கு வாடகை நீதிமன்றம் இருக்கிறது.

12 வருடக் கதை

இந்தப் பயத்தினாலேயே நல்ல குடித்தனக்காரர்களைத் துரத்திவிட்டு வீட்டைப் பூட்டி வைத்திருப்பவர்கள் நம் பக்கம் ஏராளம். உங்கள் சம்மதத்தோடு, உங்களை வீட்டுக்காரம்மா என்று ஏற்றுக்கொண்டு, உங்களுக்கு வாடகை கொடுத்துக் குடியிருப்பவர் 12 வருடம் இருந்தாலும் 40 வருடம் இருந்தாலும் வாடகைதாரர்தான். உரிமையாளரின் உரிமையை மறுத்து, எதிராக, வெளிப்படையாக, இடைவிடாமல் அனுபவித்தவர்கள் பேசுவது அந்த 12 வருடக் கணக்கு. உங்கள் டைரியில் மாதாமாதம் குறித்திருக்கிறீர்களே, அந்த டைரி உங்களுக்கு நல்ல சாட்சி. இனிமேல் ரசீது கொடுங்கள். ரசீது கொடுத்தால் அவர்களுக்கு உரிமை வந்துவிடும் என்று நம் ஊரில் நினைக்கிறார்கள். நடப்பது அதற்கு நேர்மாறு: ஒவ்வொரு ரசீதும் "நீ வாடகைதாரர், நான் உரிமையாளர்" என்று இருவரும் ஒப்புக்கொண்டதற்கு எழுத்துச் சாட்சி.

பாக்கி வாடகை

இரண்டு மாத வாடகை பாக்கி இருந்து, கேட்டு நோட்டீஸ் கொடுத்து ஒரு மாதம் ஆகியும் வட்டியோடு கட்டாவிட்டால், வீட்டைத் திரும்பக் கேட்டு அதே 2017 சட்டத்தின் 21-ஆம் பிரிவில் மனு போடலாம். எழுத்து ஒப்பந்தம் போடாமல் இருப்பதும் அதே பிரிவில் ஒரு காரணம். ஆட்களைக் காலி செய்யாமல் முடிக்க முடியாத பெரிய பழுது வேலை இருந்தால் அதையும் காரணமாகச் சொல்லலாம். ஆக வழி இருக்கிறது, ஒன்றுக்கு மூன்றாக. ஆனாலும் இன்றைக்கே நோட்டீஸ் அனுப்ப நான் சொல்லமாட்டேன். அவர்கள் வக்கீல் அந்தக் கூரைப் படத்தை எடுத்து நீட்டினால் நமக்குப் பேச வாய் இருக்காது. வேலையை முடியுங்கள், பில்லைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் நோட்டீஸ் வலுவாக நிற்கும்.

நோட்டீஸ் தேவையே இல்லாமல் போகலாம் என்றும் எனக்குத் தோன்றுகிறது. எட்டரை வருடம் தவறாமல் கொடுத்த குடும்பம், மே மாதத்தில் நிறுத்தியிருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்த இரண்டு மாதத்துக்கும் சேர்த்து 2025-இல் அரசு ஒரு குடும்பத்துக்குத் தந்த நிவாரணம் 8,000 ரூபாய். உங்கள் வாடகை இரண்டு மாதத்துக்கு 9,000. இந்தக் கணக்கை உங்களிடம் சொல்ல அந்தப் பெண்ணுக்குக் கூச்சமாக இருந்திருக்கும்.

என் யோசனை இது. மே, ஜூன் வாடகையை முழுதாகக் கேளுங்கள், 9,000. ஜூலை, ஆகஸ்டில் அவர்களுக்குப் பாதி வீடுதான் புழக்கத்தில் இருந்தது. அதற்குப் பாதி வாங்கிக்கொள்ளுங்கள், 4,500. மொத்தம் 13,500. அதை மாதம் 1,500 வீதம் ஒன்பது மாதத்தில் வாடகையோடு சேர்த்துத் தர வேண்டும் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். இது சட்டப் புத்தகத்தில் உள்ள கணக்கு கிடையாது, ஒரு பஞ்சாயத்துக் கணக்கு. வழக்குச் செலவையும் அலைச்சலையும் வைத்துப் பார்த்தால் 4,500 ரூபாயை விட்டுக்கொடுப்பது நஷ்டமே இல்லை.

அடுத்த வருடமும் தடைக்காலம் வரும். அதற்கும் இப்போதே வழி செய்யலாம். வருடத்துக்கு 54,000 என்பதை மாற்றாமல், மே, ஜூன் இரண்டு மாதமும் 2,250 ரூபாய், மற்றப் பத்து மாதமும் 4,950 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் உங்களுக்கு ஒரு ரூபாய் குறையாது, அவர்களுக்கும் மூச்சு விட இடம் கிடைக்கும். கடலை நம்பி இருப்பவர்களுக்கு வீடு கொடுப்பவர்கள் எல்லோரும் இதை யோசிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அவர்கள் சம்பாத்தியம் மாதச் சம்பளம் மாதிரி வருவதில்லை.

அட்வான்ஸ்

இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, வெள்ளையடிக்கும் செலவை அட்வான்ஸில் பிடிக்க முடியாது. மேலே சொன்ன அட்டவணைப்படி அது உங்கள் செலவு. பல வருடம் குடியிருந்தால் சுவர் மங்குவது சாதாரணத் தேய்மானம். வாடகை பாக்கி, அவர்களாக உடைத்தது, கட்டாமல் விட்ட ஈபி பில் இவற்றைப் பிடிக்கலாம். காலி செய்து ஒரு மாதத்துக்குள் மீதியைக் கொடுத்துவிட வேண்டும். இன்னொன்று, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது சட்டம். நீங்கள் வாங்கியிருப்பது அதன் இருமடங்குக்கும் மேல். 2016-இல் வாங்கியது என்பதால் அதை யாரும் குற்றமாக்கப் போவதில்லை. புதிதாக எழுதும்போது சரிசெய்துகொள்ளுங்கள். அந்த 30,000 செலவாகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அது அவர்கள் பணம், உங்களிடம் பத்திரமாக இருக்க வேண்டியது. அடுத்த போர்ஷனுக்கு வாங்கும் அட்வான்ஸையாவது தனியாக ஒரு கணக்கில் போட்டு வையுங்கள்.

11 மாதப் பத்திரம்

ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பதால், அதைத் தவிர்க்க 11 மாதம் என்று எழுதும் வழக்கம் வந்தது. 2017 சட்டம் வந்த பிறகு அது மட்டும் போதாது. எத்தனை மாதமானாலும் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிந்து எண் வாங்க வேண்டும். இதை இணையத்திலேயே செய்யலாம்; மகளிடம் சொன்னால் சென்னையில் இருந்தபடியே செய்துவிடுவார். பதியாத ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு வழக்கில் நிற்பது கஷ்டம்.

ஒப்பந்தத்தில் வாடகை, கட்டும் தேதி, தடைக்கால ஏற்பாடு, வருடாவருடம் எவ்வளவு கூடும், யார் எதைப் பழுது பார்ப்பது, ஈபி மீட்டர் அளவு, சாவி எத்தனை என்று எல்லாம் வரட்டும். அறை அறையாகப் போட்டோ எடுத்துத் தேதியோடு இருவர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டைப் பார்க்கப் போகும்போது 24 மணி நேரம் முன்னால் எழுத்தில் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம், ஒரே வாசல்தானே என்று. அது உங்கள் வீடு என்றாலும் அவர்கள் குடும்பம் நடத்தும் இடம். ஒரு வாட்ஸ்அப் செய்தி போட்டுவிட்டுப் போனால் போதும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு காரியம் பாக்கி இருக்கிறது. வீட்டு வரியும் ஈபி இணைப்பும் இன்னும் கணவர் பெயரிலேயே இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் உயில் எழுதவில்லை என்றால் வீடு இப்போது உங்களுக்கும் பிள்ளைகள் இருவருக்கும் பொது. வாரிசுச் சான்றிதழ் வாங்கிப் பெயர் மாற்றுங்கள். ஒப்பந்தத்தில் உங்களோடு அவர்களும் கையெழுத்துப் போடட்டும், இல்லை உங்களுக்கு அதிகாரப் பத்திரம் எழுதித் தரட்டும். பின்னால் ஒருவர் வந்து "எனக்குத் தெரியாமல் வாடகைக்கு விட்டார்கள்" என்று சொல்ல இடம் வைக்கக் கூடாது.

கூரையை எப்படிச் சரிசெய்வது

நான் பொறியாளர் இல்லை. ஆனால் இந்த மாதிரி வழக்குகளில் பொறியாளர்கள் சொன்னதைக் கேட்டுக் கேட்டுக் கொஞ்சம் தெரியும். விழுந்த இடத்தில் சிமெண்டைக் குழைத்து அப்பிவிட்டுப் போகும் கொத்தனாரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். உள்ளே துரு அப்படியே இருக்கும். ஓரிரு வருடத்தில் அந்தப் பூச்சோடு சேர்ந்து இன்னும் பெரிதாக விழும். முதலில் ஒரு கட்டடப் பொறியாளரை வரவழைத்து மூன்று போர்ஷனையும் காட்டுங்கள். அவர் ஒரு கம்பை வைத்துக் கூரை முழுக்கத் தட்டிப் பார்ப்பார். நல்ல இடத்தில் கணீர் என்று கேட்கும், உள்ளே விட்டுப்போன இடத்தில் காலிப் பானையைத் தட்டின மாதிரி இருக்கும். அந்தக் காலிச் சத்தம் கேட்கும் இடம் எல்லாவற்றையும் கொத்தி எடுத்து, கம்பியை முதுகுப் பக்கம் வரைக்கும் தேய்த்துத் துருவை நீக்கி, துருத் தடுப்புப் பூசி, மெலிந்துபோன கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி கட்டி, பாலிமர் கலந்த கலவை வைத்து மூட வேண்டும். மொட்டைமாடியில் நீர்க்கசிவை அடைக்காமல் கீழே மட்டும் செய்தால் வீண். கலவைக்கும் நனைப்பதற்கும் நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், கிணற்றுத் தண்ணீர் கூடவே கூடாது. கூரை தாங்காது என்று பொறியாளர் சொல்லிவிட்டால் ஒட்டுப்போட்டுச் சமாளிக்காதீர்கள். அதை எழுத்தில் வாங்கிக்கொண்டு எனக்கு மறுபடி எழுதுங்கள், அப்போது வழி வேறு.

வேலை நடக்கும்போது அந்தக் குடும்பம் எங்கே போகும்? உங்கள் பின் போர்ஷன் காலியாகத்தான் இருக்கிறது. பொறியாளர் அந்தக் கூரையைப் பார்த்துச் சரி என்றால், வேலை முடியும்வரை அங்கே இருக்கட்டும். "பழுது வேலைக்காகத் தற்காலிகமாக, இன்ன தேதி முதல், வேலை முடிந்ததும் நடு போர்ஷனுக்கே திரும்புவோம்" என்று ஒரு தாளில் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். திரும்பி வர முடியுமோ என்ற பயத்தில்தான் பல பேர் பழுது வேலைக்கு வீட்டை விட்டு நகர மாட்டேன் என்கிறார்கள். அந்தத் தாள் அவர்கள் பயத்தையும் போக்கும், உங்கள் பயத்தையும் போக்கும்.

இந்தக் கரையில் வீடு வைத்திருப்பவர்கள் சித்திரை, வைகாசியில் மாடியைப் பார்த்துவிட வேண்டும். வெயில் காய்ந்து விரிசல் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், பூசினாலும் நன்றாகப் பிடிக்கும். புரட்டாசிக்குள் மழைநீர்க் குழாயைக் குத்திவிட்டு, தளர்ந்த சன்ஷேடைத் தட்டிப் பார்க்க வேண்டும். நீங்கள் இப்போது புரட்டாசியில் நிற்கிறீர்கள், ஐப்பசி மழைக்கு முன் கூரை வேலையாவது முடிந்தாக வேண்டும். உப்பு பொரிந்த சுவரில் பளபளப்பான பெயிண்ட் அடித்தால் ஓதம் உள்ளேயே தங்கி, அடுத்த வருடமே தோலாக உரியும். சுண்ணாம்பு அடித்தால் சுவர் மூச்சு விடும். இரும்புத் தாழ்ப்பாள், இரும்புக் குழாய் போகும்போது பித்தளையும் பிளாஸ்டிக் குழாயும் வையுங்கள். இரும்பு மீட்டர் பெட்டி இருந்தால் கட்டாயம் மாற்றுங்கள். எர்த் ஒயர் உப்பு மண்ணில் அரித்துப்போயிருக்கும், அதை எலக்ட்ரீஷியனிடம் சோதித்து, 30 மில்லிஆம்பியரில் துண்டிக்கும் கசிவுத் தடுப்பு சுவிட்ச் ஒன்றை ஒவ்வொரு போர்ஷனுக்கும் போட்டுவிடுங்கள். ஈரத்துணியை வீட்டுக்குள் காயப்போடுகிறார்கள் என்று வருத்தப்பட்டீர்களே, எனக்கு அதில் இந்த ஒரு கவலைதான்.

பணத்துக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். மகனிடமும் மகளிடமும் கேளுங்கள். வீட்டில் அவர்களுக்கும் பங்கு இருக்கிறது, செலவிலும் இருக்கட்டும். இனி வருடத்துக்கு இரண்டு மாத வாடகையை எடுத்துத் தபால் ஆபீஸில் போட்டு வையுங்கள், அது வீட்டின் பணம் என்று நினைத்துக்கொண்டு. வழக்கு என்று வந்தால், பெண் என்ற முறையில் வருமான வரம்பு பார்க்காமல் உங்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. ராமநாதபுரத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம், 15100 என்ற எண்ணுக்கும் கூப்பிடலாம். பாக்கியைப் பற்றிய சமரசத்தைக்கூட அங்கே வைத்தே பேசி எழுதிக்கொள்ளலாம். அதற்கு ஒரு மதிப்பும் இருக்கும், அக்கம்பக்கத்துப் பேச்சும் இருக்காது.

இன்றைக்கே அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, பொறியாளர் எந்தத் தேதியில் வருகிறார் என்பதை மட்டும் சொல்லுங்கள். வாடகைப் பேச்சை அன்றைக்கு எடுக்க வேண்டாம். பின் போர்ஷன் கூரையில் விரிசல் எதுவும் கண்ணில் படவில்லை என்றால் அதன் சாவியைக் கையில் கொடுத்து, இன்று ராத்திரியே பிள்ளைகளை அங்கே படுக்க வைக்கச் சொல்லுங்கள்.